இமை மூடித் திறக்கும் பல்லி: புணே பக்கம் ராத்திரி பார்த்தது. விஷமா, இல்லையா?

கரட்டுப்பயணி

எல்லோருக்கும் வணக்கம். ஊர் ஈரோடு, இப்போது புணே மாவட்டத்தில் ஒரு சாலை வேலையில் மேற்பார்வையாளர். நேற்று இரவு எட்டரை இருக்கும், ஜல்லிக் குவியல் பக்கம் ஆட்கள் சத்தம் போட்டார்கள். போய்ப் பார்த்தால் ஒரு சாண் நீளத்துக்கு ஒரு பல்லி. வீட்டுப் பல்லி இல்லை. மஞ்சள் கலந்த பழுப்பு உடம்பு, மேலே கரும்புள்ளிகள், தடித்த வால், வாலில் வளையம் வளையமாக மடிப்பு. ஓடவே இல்லை. நான்கு காலையும் ஊன்றி, வயிறு தரையில் படாமல் உடம்பைத் தூக்கி நின்றது. டார்ச் அடித்ததும் கண்ணை மூடித் திறந்தது. பல்லி இமைத்து நான் பார்த்ததே இல்லை.

ஆட்கள் கம்பியை எடுத்துவிட்டார்கள். இது கடித்தால் தண்ணீர் கேட்கக்கூட நேரம் இருக்காது என்று அவர்களில் வயதானவர் ஒருவர் அடித்துச் சொல்கிறார். நான் குறுக்கே நின்று, ஒரு வாளியால் ஓரமாகத் தள்ளிக் கல்லிடுக்குக்குள் போக விட்டேன். படம் இணைத்திருக்கிறேன். இது என்ன? விஷம் உண்டா? நாளைக்கும் அதே இடத்தில்தான் வேலை. ஆட்களிடம் உறுதியாக ஒன்று சொல்ல வேண்டும்.

நெறியாளர்

படத்தோடு இடக்குறியீடும் சேர்ந்து வந்திருந்தது. அதை நீக்கிவிட்டுப் படத்தை மறுபடி ஏற்றியிருக்கிறேன். ஊர்ப் பெயர் யாரும் கேட்க வேண்டாம், மாவட்டம் போதும்.

ஓடைக்கரை

விஷம் இல்லை. நாளைக் காலையில் அதை மட்டும் சொல்லுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். பல்லிக் குடும்பங்களில் எதிலும் மனிதரைக் கொல்லும் விஷம் உள்ள இனம் கிடையாது. அப்படிப் பேர் வாங்கியவை கிலா மான்ஸ்டரும் அதன் சொந்தங்களான மணிச்செதில் பல்லிகளும். அவை இந்தக் குடும்பங்களைச் சேர்ந்தவை அல்ல, இருப்பதும் அமெரிக்கக் கண்டத்தில். உங்கள் ஆள் விரலை வாயருகே கொண்டுபோனால் இறுக்கிக் கவ்வும், சின்னக் கீறல் விழலாம். சோப்புப் போட்டுக் கழுவினால் போதும்.

நீங்கள் பார்த்தது மேற்கு இந்தியச் சிறுத்தைப் பல்லி. அறிவியல் பெயர் யூப்ளெஃபாரிஸ் ஃபஸ்கஸ். மகாராஷ்டிரம், குஜராத், கர்நாடகத்தின் வட பகுதி எல்லாம் இதன் இடம். உலகமெங்கும் கண்ணாடிப் பெட்டிகளில் வளர்க்கிறார்களே லெப்பர்டு கெக்கோ, அது இதன் நெருங்கிய சொந்தம், யூப்ளெஃபாரிஸ் மாக்குலாரியஸ். ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், இந்தியாவின் வடமேற்கு ஓரம் அதன் நாடு. கல்கத்தாவில் ஆசியச் சங்கத்தின் அருங்காட்சியகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த எட்வர்ட் பிளைத், பஞ்சாபின் உப்பு மலைத்தொடரிலிருந்து வந்த மாதிரியை வைத்து 1854-இல் விவரித்தார்.

கண் விஷயத்துக்கு வருகிறேன். வீட்டுப் பல்லிக்கு அசையும் இமை கிடையாது. கண்மேல் ஒளி ஊடுருவும் ஒரு செதில் மூடி நிரந்தரமாக இருக்கும், தூசு பட்டால் நாக்கால் நக்கித் துடைத்துக்கொள்ளும். பல்லிகளில் இது சேர்ந்த யூப்ளெஃபாரிடே குடும்பத்துக்கு மட்டும் உண்மையான இமைகள், மூடித் திறக்கும். அடுத்த முறை பார்த்தால் காலையும் கவனியுங்கள். சுவரில் ஒட்டும் விரல்தட்டுகள் இருக்காது. மெலிந்த விரல், நுனியில் நகம், அவ்வளவுதான். இது சுவர் ஏறாது, கூரையில் தொங்காது. தரையில் நடந்து இரை தேடும் பிராணி.

மலர்விழி

ஓடைக்கரை சார், ஒட்டும் தட்டு இருந்து பின்னால் போய்விட்டதா, ஆரம்பத்திலிருந்தே இல்லையா? பள்ளியில் உயிரியல் எடுக்கிறேன். பிள்ளைகள் கண்டிப்பாகக் கேட்பார்கள்.

ஓடைக்கரை

நல்ல கேள்வி டீச்சர். இந்தக் குடும்பத்தில் யாருக்கும் தட்டு இல்லை, பழைய கிளை. பல்லிகள் மொத்தத்தையும் எடுத்தால் கதை இன்னும் சுவாரசியம். 2012-இல் வந்த ஓர் ஆய்வு, ஒட்டும் தட்டு பல்லிகளில் 11 முறை தனித்தனியாகத் தோன்றி, 9 முறை மறைந்திருக்கிறது என்று கணக்கிட்டது. மரத்திலும் பாறையிலும் ஏறிய கிளைகளில் வந்தது, மணலுக்கோ தரைக்கோ இறங்கிய கிளைகள் சிலவற்றில் போனது. தட்டு இல்லாததைக் குறை என்று பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். சரளைக் கல்லிலும் இறுகிய மண்ணிலும் நடக்க நகமும் உறுதியான காலும்தான் வேண்டும்.

நந்தன்

நான் சென்னையில் மாக்குலாரியஸ் வளர்க்கிறவர்களோடு பழகியவன். பாலைவனப் பிராணி, மணல் போட்ட பெட்டியில் வைக்க வேண்டும் என்கிறார்கள். இங்கே ஜல்லிக் குவியலில் என்ன செய்கிறது?

ஓடைக்கரை

நந்தன், இந்த ஒரு தவறான எண்ணத்தால் எத்தனையோ பல்லிகள் செத்திருக்கின்றன. தளர்ந்த மணல் மேட்டில் வாழும் பிராணி இல்லை இது. உப்பு மலைத்தொடர் ஆனாலும் சரி, தக்காணத்துக் கரடானாலும் சரி, இதன் நிலம் பாறையும் சரளையும் கெட்டி மண்ணும் முள்புதரும்தான். பெட்டியில் வெறும் மணலைக் கொட்டினால் இரையோடு சேர்த்து விழுங்கி, குடல் அடைத்துப் போகிறது.

பகல் முழுக்க கல்லடியிலோ எலி வங்கிலோ கிடக்கும். வெளியே மே மாத வெயில் காய்ச்சினாலும் ஒரு முழம் கீழே மண்ணில் குளிர்ச்சியும் கொஞ்சம் ஈரமும் நிற்கும். சட்டை உரிக்க அந்த ஈரம் வேண்டும். காய்ந்த இடத்தில் உரித்தால் விரல் நுனிகளில் தோல் வளையமாக ஒட்டிக்கொண்டு இறுகி, கடைசியில் விரலே கருகி விழும். சரியாக உரிந்த தோலை அதுவே தின்றுவிடும். அதனால் கல்லைப் புரட்டினால் சட்டை கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். கல்லைப் புரட்டவே வேண்டாம், அதைத் தனியாகச் சொல்கிறேன்.

பொழுது சாய்ந்ததும் வெளியே வரும். வெயிலில் காய்ந்து சூடேறும் பழக்கம் ஓணானுக்கு. இது பகலில் காய்ந்த பாறையின்மேல் இரவில் வயிற்றைப் பரப்பிப் படுத்துச் சூடு வாங்கிக்கொள்ளும். ஜல்லிக் குவியல் பகல் சூட்டை ராத்திரி பத்து மணி வரைக்கும் வைத்திருக்கும், வெளிச்சத்துக்குப் பூச்சியும் வரும். கரட்டுப்பயணி ஐயா போட்ட விளக்கும் ஜல்லியும் சேர்ந்து அதற்கு விருந்து வைத்திருக்கின்றன.

கரட்டுப்பயணி

நன்றி சார். காலையில் ஆட்களிடம் சொன்னேன். இளம்பிள்ளைகள் ஒத்துக்கொண்டார்கள். பெரியவர் இன்னும் நம்பவில்லை, அவர் தாத்தா காலத்திலிருந்து அப்படித்தான் என்கிறார். இன்றும் அதே நேரம் அதே இடத்தில் வந்தது. இந்த முறை பொறுமையாகப் பார்த்தேன். ஒரு பெரிய வண்டு நகர்ந்துகொண்டிருந்தது. பல்லி நின்று, தலையைத் தாழ்த்தி, வால் நுனியை மட்டும் மெதுவாக இடமும் வலமும் ஆட்டியது, எலியைக் கண்ட பூனை செய்யுமே அதே மாதிரி. அப்புறம் ஒரே பாய்ச்சல். மென்று விழுங்க நேரம் எடுத்துக்கொண்டது. பக்கவாட்டில் டார்ச் அடித்தபோது ஒரு காது ஓட்டை வழியாக மறுபக்கத்து வெளிச்சம் தெரிந்தது. தலைக்குள் எதுவும் இல்லாத மாதிரி. அது எப்படி?

ஓடைக்கரை

அருமையாகக் கவனித்திருக்கிறீர்கள். இரண்டு நடுச்செவிகளும் வாய்க்குழி வழியாக இணைந்திருக்கின்றன, செவிப்பறையோ மெல்லியது, அதனால்தான் வெளிச்சம் ஊடுருவுகிறது. மூளை அதற்கு மேலே பத்திரமாக இருக்கிறது. வாலாட்டம் இரை பிடிக்கும் முன் இவை வழக்கமாகச் செய்வது. வண்டு, வெட்டுக்கிளி, பாச்சை, சிலந்தி, தேள், சின்னப் பல்லி வரை சாப்பிடும்.

தேள் என்பதைப் பெரியவரிடம் அழுத்திச் சொல்லுங்கள். மகாராஷ்டிரத்தில் செந்தேள் கொட்டி ஆட்கள் இறப்பது நிஜம். அந்தத் தேள் வாழும் கல்லடியிலேயே வாழ்ந்து தேளையும் தின்கிற பிராணியைத்தான் கம்பியால் அடிக்கப் பார்க்கிறார்கள்.

வேலம்மாள்

எங்கள் ஊரில் அரணை நக்கினால் மரணம் என்பார்கள். அரணை பாவம், அதற்கும் விஷம் கிடையாது. வடக்கே பிஸ்கோப்ரா என்று ஒரு கொடிய ஜந்துவைப் பற்றிச் சொல்வார்கள். வெள்ளைக்காரர்களே அதைத் தேடிப் போனார்கள். யார் பிடித்துக் கொடுத்தாலும் அது உடும்புக் குட்டியாகவோ இந்த மாதிரிப் பல்லியாகவோதான் இருந்தது. பிராணி எதுவோ, பயம் அதே பயம். சாமர்த்தியமாகப் பேசிப் பெரியவரை ஜெயிக்க முடியாது தம்பி. அவர் முன்னாலேயே நாலு நாள் அது வந்து போகட்டும்.

சுந்தரராசன்

குறுக்கே பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். இந்தியாவில் வருஷா வருஷம் ஆயிரக்கணக்கானோர் பாம்பு கடித்துச் சாகிறார்கள். கட்டுவிரியன் ராத்திரிதான் வரும். கூலி ஆட்கள் தரையில் படுக்கிறார்கள். அப்படிப்பட்ட இடத்தில் ஊர்கிற எதையும் அடி என்பது மூடநம்பிக்கை இல்லை, தற்காப்பு. ஏசி அறையிலிருந்து அறிவுரை சொல்வது சுலபம்.

ஓடைக்கரை

நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது சார், அதை விட்டுவிட்டுப் பேச எனக்கும் மனமில்லை. ஆட்களுக்குக் கட்டில், கொசுவலை, டார்ச், காலில் பூட்ஸ் வேண்டும். ஒப்பந்தக்காரர்கள் செய்ய வேண்டியது அது. ஆனால் கம்பியோடு ராத்திரி கல்லுக்குள் துழாவுவதுதான் கட்டுவிரியனிடம் கடி வாங்க நேர் வழி. கட்டுவிரியன் தின்பது பாம்பும் பல்லியும் எலியும். சிறுத்தைப் பல்லி அதற்கு இரை. பல்லி நடமாடும் இடத்தில் தள்ளி நின்று டார்ச் அடித்துப் பார்ப்பதுதான் இரண்டு பேருக்கும் பாதுகாப்பு.

விசாகை_மணி

விசாகப்பட்டினத்தில் இருக்கிறேன். எங்கள் பக்கக் கிழக்கு மலைத்தொடரிலும் சிறுத்தைப் பல்லி உண்டு. ரொம்ப காலம் அதைக் கிழக்கிந்திய இனமான ஹார்ட்விக்கியை என்றே எழுதிவந்தார்கள். 1827-இல் ஆங்கிலேய விலங்கியலாளர் கிரே வைத்த பெயர் அது. 2022-இல் ஆந்திரம், ஒடிசா மலைகளில் இருப்பது தனி இனம் என்று பிரித்து யூப்ளெஃபாரிஸ் பிக்டஸ் ஆக்கிவிட்டார்கள். அதற்கு முன் 2014-இல் சாத்பூரா மலையிலிருந்து யூப்ளெஃபாரிஸ் சாத்பூரென்சிஸ் வந்தது. இரண்டு நூற்றாண்டுப் பழைய பேரினத்தில், இவ்வளவு பெரிய, கண்ணுக்குத் தெரிகிற பிராணியில், நேற்றுப் போல இரண்டு இனங்கள்!

பிக்டஸ் இரவில் காட்டுத் தடங்களை ஒட்டி நடந்து இரை தேடுகிறது. நடக்க நடக்கத் தரையையும் கல்லையும் நாக்கால் தொட்டுத் தொட்டுப் போகும். கண்ணோடு நாக்கும் அதற்கு வழிகாட்டி. கரட்டுப்பயணி, உங்கள் பல்லியும் அப்படிச் செய்கிறதா என்று பாருங்கள்.

மலர்விழி

நாக்கு என்றதும் ஒன்று கேட்க வேண்டும். ஆணும் பெண்ணும் இருட்டில் ஒன்றை ஒன்று எப்படி அடையாளம் காணும்? கூப்பிடுமா?

தாரிணி

இதற்கு நான் சொல்கிறேன், ஊர்வன நடத்தையில் முதுகலை ஆய்வு செய்தேன். வீட்டுப் பல்லி கூப்பிடும். சிறுத்தைப் பல்லி பெரும்பாலும் அமைதி. பயந்தால் சீறும், குட்டிகள் வீல் என்று கத்தும். துணையை அறிய முக்கியமாக உதவுவது தோலின் வேதிப்பொருட்கள்.

1990-இல் வெளியான ஒரு சோதனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆண், பெட்டையை நக்கிப் பார்த்து, வாலை அதிர வைத்துச் சரசம் செய்கிறது. அதே பெட்டை சட்டை உரிக்கும் நேரத்தில் அதே ஆண் அதை எதிரி என்று நினைத்துத் தாக்குகிறது. உரித்து முடிந்ததும் மறுபடி சரசம். பெட்டையின் உருவம் மாறவில்லை, நாற்றம்தான் இடையில் மாறியது. பெட்டைத் தோலில் உள்ள கொழுப்பு வகைகள்தான் "நான் பெட்டை" என்று சொல்கின்றன, உரிக்கும்போது அந்தச் செய்தி அறுந்துபோகிறது.

நந்தன்

அடேங்கப்பா. பெட்டைகளைப் பற்றி இன்னொன்று, வெப்பநிலையை வைத்து ஆண் பெண் முடிவாகும் என்கிறார்களே, நிஜமா?

தாரிணி

நிஜம். இந்தப் பல்லியைப் புகழாக்கியதே அதுதான். நமக்கு இருப்பது போல எக்ஸ் ஒய் குரோமோசோம் இங்கே தீர்மானிப்பதில்லை. மாக்குலாரியஸ் முட்டையை 26 டிகிரியில் வைத்தால் ஏறக்குறைய எல்லாமே பெட்டை. 32.5 டிகிரி பக்கம் பெரும்பாலும் ஆண். இன்னும் ஏற்றி 34, 35 என்று போனால் மறுபடி பெட்டைதான் அதிகம். அடைகாப்புக் காலத்தின் நடுப்பகுதியில் இருக்கும் சூடுதான் கணக்கு. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் டேவிட் க்ரூஸ் குழு இதை வைத்துப் பல ஆண்டுகள் வேலை செய்தது. அதிகச் சூட்டில் வந்த பெட்டைகள் குளிர்ச்சியில் வந்த பெட்டைகளைவிடச் சண்டைக்குணம் கூடியவை. முட்டைக்குள் பட்ட சூடு ஆணா பெண்ணா என்பதை மட்டுமல்ல, சுபாவத்தையும் தொடுகிறது.

முட்டையும் வேறு மாதிரி. வீட்டுப் பல்லி முட்டை கெட்டி ஓட்டோடு வெள்ளையாக அலமாரி இடுக்கில் ஒட்டிக் கிடக்கும், பார்த்திருப்பீர்கள். சிறுத்தைப் பல்லியின் முட்டை தோல் மாதிரி மெத்தென்று இருக்கும். மண்ணிலிருந்து ஈரம் உறிஞ்சிப் பருக்கும், காய்ந்தால் சப்பிப்போகும். அதனால் ஈர மண்ணைத் தேடிப் புதைத்தாக வேண்டும். ஓர் ஈட்டுக்குப் பொதுவாக இரண்டு, ஒரு பருவத்தில் பல ஈடு. இட்டதோடு தாயின் வேலை முடிந்தது. அந்த இடத்தைத் தேர்ந்ததில்தான் அதன் எல்லா அக்கறையும். நிழலா வெயிலா, எத்தனை ஆழம், எந்தக் கல்லடி என்பது குட்டிகளில் எத்தனை ஆண், எத்தனை பெட்டை என்பதைத் தீர்மானிக்கிறது.

பொரித்து வரும் குட்டிக்குப் புள்ளி இருக்காது. கறுப்பும் மஞ்சளும் பட்டை பட்டையாக இருக்கும். வளர வளரப் பட்டை கலைந்து புள்ளியாகும். கரட்டுப்பயணி அண்ணா, பட்டை போட்ட சின்னது ஒன்றைப் பார்த்தால் வேறு இனம் என்று நினைத்துவிடாதீர்கள். பாம்புக்குட்டி என்று அடிபடுவதும் அதுதான் அதிகம்.

வேலம்மாள்

முட்டையிடும் இடத்தைக் காட்டில் யாராவது பார்த்து எழுதியிருக்கிறார்களா?

ஓடைக்கரை

அக்கா நேராக நெஞ்சில் கைவைத்துவிட்டார்கள். இத்தனை நாளாக நான் சொல்ல நினைப்பது இதுதான்.

உலகத்தில் மிக அதிகமாக வளர்க்கப்படும் பல்லிகளில் ஒன்று மாக்குலாரியஸ். 1970-களிலிருந்து தலைமுறை தலைமுறையாகப் பெட்டியில் பெருக்கப்படுகிறது. மரபணுத் தொகுதி 2016-இல் படிக்கப்பட்டுவிட்டது. இருபது வருஷத்துக்கு மேலும் வாழும் என்பது வளர்த்தவர்கள் சொல்லித் தெரிந்தது. ஒரே மூலையில் போய்க் கழிக்கும் பழக்கமும் பெட்டியில் பார்த்ததே. ஆனால் புணே கரட்டில் ஒரு பெட்டை இரவில் எவ்வளவு தூரம் நடக்கிறது, எந்த மாதத்தில் எங்கே முட்டையிடுகிறது, அதன் வங்கில் நிஜமாக எத்தனை டிகிரி, குட்டிகளில் எத்தனை ஆண்? இவற்றுக்கான காட்டுக் குறிப்புகள் கையளவுதான். பெட்டிக்குள் இருப்பதை இயற்கை வரலாறு என்று எழுதிவிட்டோம். தாரிணி சொன்ன 26, 32.5 எல்லாம் மாறாத சூட்டில் வைத்த முட்டைகளின் கணக்கு. மண்ணுக்குள் பகலும் இரவும் ஏறி இறங்குமே.

தாரிணி

ஓடைக்கரை அண்ணா, இதில் உங்களோடு பாதிதான் ஒத்துப்போவேன். சூட்டால் ஆண் பெண் தீர்மானமாவதைக் காட்டில் உட்கார்ந்து யாராலும் கண்டுபிடித்திருக்க முடியாது. ஒரே தாயின் முட்டைகளைப் பிரித்து, வேறு வேறு சூட்டில் வைத்தால்தான் தெரியும். அறுந்த வால் விஷயமும் அப்படித்தான். எதிரி பிடித்தால் வாலைக் கழற்றிவிட்டு ஓடும், அது எல்லோருக்கும் தெரியும். கழன்ற வால் வெறுமனே துடிப்பதில்லை. சீராக ஆடிக்கொண்டே இருந்து திடீரென்று எகிறிக் குதிக்கும், சில சென்டிமீட்டர் உயரம் வரை. 2009-இல் படம்பிடித்துத் தசை மின்னோட்டத்தை அளந்தபோது அது தெரிந்தது. தலையிலிருந்து எந்தக் கட்டளையும் இல்லாமல், அறுந்த துண்டில் உள்ள தண்டுவடமே இரண்டு வித அசைவை நடத்துகிறது. ஆய்வுக்கூடம் இல்லாமல் இது எப்படிக் கிடைக்கும்?

ஓடைக்கரை

கிடைக்காது, ஒத்துக்கொள்கிறேன். என் குறை ஆய்வுக்கூடத்தின் மேல் இல்லை. ஆய்வுக்கூடம் கேள்வியைக் கொடுத்துவிட்டது, பதிலைக் கரட்டில் தேட ஆள் போகவில்லை. வாலையே எடுத்துக்கொள்ளுங்கள். அது கொழுப்புக் கிடங்கு. மழைக்காலத்தில் தின்று தேற்றிக்கொண்டு, இரை கிடைக்காத மாதங்களில் அதைக் கரைத்து வாழும். பாகிஸ்தான் பக்கம் குளிர்காலம் முழுக்க வங்குக்குள் அடங்கிக் கிடக்க அதுதான் சோறு. அப்படிப்பட்ட வாலை விட்டுவிட்டு ஓடிய பல்லி அந்தக் குளிரைத் தாண்டியதா என்பதுதான் எனக்கு வேண்டிய கணக்கு. மறுபடி முளைக்கும் வாலில் முள்ளெலும்பு கிடையாது, குருத்தெலும்புதான். வளையம் இல்லாமல் மழமழவென்று கிழங்கு மாதிரி உருண்டிருக்கும். பார்த்தவுடன் தெரிந்துவிடும். ஓர் ஊரில் பத்துப் பல்லியில் எத்தனைக்கு முளைத்த வால் என்று யாராவது எழுதி வைத்தாலே, அங்கே வேட்டைத் தொல்லை எவ்வளவு என்று ஊகிக்க ஒரு பிடி கிடைக்கும். அதற்கு ஆய்வுக்கூடம் வேண்டாம், டார்ச் போதும்.

வன்னியூரான்

இலங்கையிலிருந்து. எங்கட வன்னிப் பக்கம் சிறுத்தைப் பல்லி இல்லை, ஆனால் தரையில் திரியும் ராப்பல்லி உண்டு. சிர்ட்டோடாக்டைலஸ் யக்குனா. எங்கட விலங்கியலாளர் தெரணியகல 1945-இல் விவரித்தவர். விரல் அளவுதான். கடும் நிறம், குறுக்கே வெளிறிய பட்டை, சருகுக்குள் கிடக்கும். மழைக்குப் பிறகு ராவில் டோர்ச்சோடு போனால் காணலாம். இதுக்கும் ஒட்டுற தட்டு இல்லை. ஆனால் இமை இல்லை, கண்ணை நக்கும். இதுவும் சிறுத்தைப் பல்லியும் சொந்தமோ?

விசாகை_மணி

தூரத்துச் சொந்தம்தான் அண்ணன். யக்குனா, கெக்கோயெல்லா என்ற துணைப்பேரினம். வீட்டுப் பல்லி இருக்கும் கெக்கோனிடே குடும்பம். அதிலும் தனியாகத் தரைக்கு இறங்கி, தனியாக அதே வாழ்க்கைக்கு வந்திருக்கிறது. இந்தக் கூட்டம் தீபகற்ப இந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரியது. 1870-இல் சென்னை மாகாண வனத்துறையில் இருந்த பெடோம், கொள்ளேகால் பக்கத்திலிருந்து ஒன்றை விவரித்தார். அவரே கண்ட ஜெய்ப்பூர் தரைப்பல்லி, நம் ஒடிசா ஜெய்ப்பூர், 130 வருஷத்துக்கு மேல் யார் கண்ணிலும் படாமல் இருந்து, 2010-களின் தொடக்கத்தில் மறுபடி கிடைத்தது. 2022-இல் தமிழ்நாட்டின் கருங்கல் கரடுகளிலிருந்தே இரண்டு புது இனம் விவரித்தார்கள். அதில் ஒன்றுக்கு இருளர் மக்களின் பெயர், சிர்ட்டோடாக்டைலஸ் இருளாரம்.

கரட்டுப்பயணி

அப்படியானால் ஈரோட்டுக் கரட்டிலும் தேடலாம் போலிருக்கிறதே.

விசாகை_மணி

தாராளமாக. சின்னது, பொறுமை வேண்டும்.

நந்தன்

என் நண்பர் ஒருவர் இந்த இழையைப் பார்த்துவிட்டுக் கேட்கிறார், காட்டில் பிடித்ததை வளர்த்தால் என்ன தப்பு, அடிபட்டுச் சாவதற்கு அது மேல் அல்லவா என்று. இன்னொருவர் பெரிய பல்லிக்கு லட்சக்கணக்கில் விலை என்கிறார்.

நெறியாளர்

இடக்குறியீட்டை ஏன் நீக்கினேன் என்பதற்கும் இதுவே பதில். அந்த லட்சக் கதை பொய், ஆனால் பொய்யே கொல்லும். டோக்கே என்ற பெரிய ஆசியப் பல்லி எய்ட்ஸைக் குணப்படுத்தும், இத்தனை கிராம் எடை இருந்தால் இத்தனை பணம் என்று தென்கிழக்கு ஆசியாவில் புரளி கிளம்பியது. 2019-இல் அந்த இனத்தைச் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்கும்வரை போனது. அதே புரளி பாகிஸ்தானுக்கும் வந்து, சிறுத்தைப் பல்லிகளைப் பிடித்துப் பிடித்து எடை போட்டார்கள். வாங்க ஆள் வராமல் பெட்டியிலேயே செத்தவை ஏராளம்.

இடம் சொல்வது பற்றி: சீன, வியட்நாம் எல்லைக் குகைப் பல்லி கோனியுரோசாரஸ் லூயி, இதே இமைக் குடும்பம். 1999-இல் இடத்தோடு விவரித்தார்கள். ஆய்வுக்கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு போய், அந்த இடத்தில் ஒன்று விடாமல் பிடித்துவிட்டார்கள். பிறகு வந்த சில புது இனங்களுக்கு ஆய்வாளர்கள் இடத்தை அச்சிடவே இல்லை. நம் மன்றத்திலும் அதே விதி.

தாரிணி

வளர்ப்பைப் பற்றி நண்பரிடம் இதையும் சொல்லுங்கள் நந்தன். நிறத்துக்காகவே இனப்பெருக்கம் செய்து எலுமிச்சை மஞ்சளில் லெமன் ஃபிராஸ்ட் என்று ஒரு வகை கொண்டுவந்தார்கள். அந்த நிறத்தைக் கொடுக்கும் மரபணு மாற்றமே தோலில் கட்டியைக் கொண்டுவருகிறது, பத்தில் எட்டுக்கு மேல். 2021-இல் எந்த மரபணு என்பதும் தெரிந்தது, ஸ்பின்ட்1. மனிதத் தோல் புற்றுநோய் ஆய்வுக்கு அது உதவும் என்பது வேறு விஷயம். அந்தப் பல்லிகளுக்கு அது வாழ்நாள் நோய்.

சுந்தரராசன்

பல்லியை விடுங்கள், நிலத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே. கரடு, முள்காடு, மேய்ச்சல் தரை எல்லாம் அரசுக் கணக்கில் தரிசு. மரம் இல்லாவிட்டால் காடு இல்லை. சாலை, மனைப்பிரிவு, குவாரி எதற்கானாலும் முதலில் கை வைப்பது அங்கேதான்.

ஓடைக்கரை

சுந்தரராசன் சார், இழையிலேயே முக்கியமான வார்த்தை இது. மரம் நடுகிறோம் என்று பாறையைப் பெயர்த்து குழி தோண்டுவதும் அதே வேலையைத்தான் செய்கிறது. கல்லடிதான் இதன் வீடு. அந்த அளவு சூடும் ஈரமும் பிடித்து நிற்கும் கல் அமைய மழையும் வெயிலும் எத்தனையோ வருஷம் வேலை செய்திருக்கும். ஆர்வலர்கள் படமெடுக்கப் புரட்டிப் போட்ட கல், அதே பள்ளத்தில் அதே பக்கமாக உட்காராவிட்டால் அடியில் காற்று புகுந்து காய்ந்துவிடும். அதனால்தான் புரட்ட வேண்டாம் என்றேன். ராத்திரி அதுவே வெளியே வரும், அப்போது பார்க்கலாம்.

கரட்டுப்பயணி

இன்றைய செய்தி. பொறியாளரிடம் பேசினேன். ஜல்லிக் குவியலை இரவில் அள்ளுவதில்லை, காலை ஒன்பதுக்கு மேல்தான் பொக்லைன் என்று வைத்திருக்கிறோம், அதுவும் ஒரு பக்கத்திலிருந்து மெதுவாக. ஓரத்தில் கிடக்கும் பழைய கல்வரிசையை அப்படியே விடச் சம்மதித்தார். ஆட்கள் தங்கும் இடத்துக்கு எட்டுக் கயிற்றுக் கட்டில் கேட்டு வாங்கிவிட்டேன், சுந்தரராசன் சார் சொன்னது உறைத்தது. பெரியவர் இன்னும் கிட்டே போவதில்லை. ஆனால் இன்று வந்தபோது அவர்தான் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

இதன் வால் வளையம் வளையமாக இருக்கிறது, முளைத்த வால் இல்லை. நடக்கும்போது நாக்கை நீட்டித் தரையைத் தொடுகிறது, மணி சார் சொன்ன மாதிரியே. நான் இன்னும் என்னென்ன எழுதி வைக்கட்டும்?

ஓடைக்கரை

தேதி, நேரம், மழை பெய்ததா இல்லையா. காற்றின் சூட்டையும் அது படுத்திருக்கும் கல்லின் சூட்டையும் தனித்தனியாக எடுங்கள். தார் போடும்போது சூடு பார்க்க வைத்திருப்பீர்களே துப்பாக்கி மாதிரிக் கருவி, கல்லுக்கு அதுவே போதும், தொட வேண்டியதில்லை. காற்றுக்குச் சாதாரண வெப்பமானி வேண்டும். வால் பழையதா முளைத்ததா, தடித்ததா மெலிந்ததா. என்ன தின்றது. முதுகை மேலிருந்து ஒரு படம் எடுங்கள். புள்ளிக் கோலம் ஒவ்வொன்றுக்கும் வேறு, அதை வைத்து அதே பல்லியா புதிதா என்று பிரித்துவிடலாம். பட்டை போட்ட குட்டி வந்தால் அந்தத் தேதியைக் கட்டாயம் குறியுங்கள். சூட்டுக்குத் தக்கபடி பொரிக்க ஒன்றரை மாதத்திலிருந்து மூன்று மாதம் வரை ஆகும், பின்னால் எண்ணினால் எப்போது முட்டையிட்டிருக்கும் என்று ஒரு வாக்கில் பிடிபடும். எழுதியதை இங்கே போட வேண்டாம், நெறியாளருக்குத் தனியே அனுப்புங்கள். வேலை முடிந்து நீங்கள் இடம் மாறினால் அந்த இளம்பிள்ளைகளில் ஒருவரிடம் நோட்டைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.